சத்தமே போடாத சார்ஜர்

"எங்கள் விடுதியில் விருந்தினரை ஏற்றிப்போகும் கோல்ஃப் வண்டி, சீசன் முடிந்து இரண்டு மாதம் ஷெட்டிலேயே நின்றது. இப்போது சார்ஜரைச் செருகினால் சத்தமே இல்லை. சார்ஜர் போய்விட்டது, புதிது வாங்குங்கள் என்கிறார் மெக்கானிக். வாங்கலாமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். ரயில் நிலையத்திலும் கோயில் வாசலிலும் முதியவர்களை ஏற்றிப்போகும் பேட்டரி கார்களும் இதே சாதிதான் என்பதால், பதில் பலருக்கும் பயன்படும்.

இப்போதைக்கு வாங்க வேண்டாம். முதலில் ஒரு மல்டிமீட்டரை எடுத்து டி.சி. வோல்ட்டில் வையுங்கள். சீட்டைத் தூக்கினால் பேட்டரிகள் வரிசையாக, தொடர் இணைப்பில் இருக்கும். 48 வோல்ட் வண்டி என்றால் 8 வோல்ட் பேட்டரி ஆறு, அல்லது 12 வோல்ட் நான்கு, அல்லது 6 வோல்ட் எட்டு. எப்படி அடுக்கினாலும் மொத்தம் 24 செல்கள். முழு சார்ஜில் ஒரு செல்லுக்கு ஏறத்தாழ 2.12 வோல்ட், ஆக மொத்தம் 51க்குச் சற்றே குறைவாகக் காட்ட வேண்டும். 48.3 காட்டினால் பாதி தீர்ந்துவிட்டது. அதே அளவை வண்டியின் சார்ஜிங் சாக்கெட்டிலும் எடுங்கள். பேட்டரியில் 50 இருந்து சாக்கெட்டில் ஒன்றுமில்லை என்றால் நடுவில் உள்ள ஃபியூஸோ, கருகிய தொடுமுனையோ, பூத்துப்போன டெர்மினலோதான் குற்றவாளி. டெர்மினலைச் சுத்தம் செய்ய ஆப்ப சோடா கரைத்த தண்ணீரும் கம்பி பிரஷ்ஷும் போதும். சோடாத் தண்ணீர் செல்லுக்குள் மட்டும் போய்விடக் கூடாது.

இரண்டு இடத்திலும் 30 வோல்ட், 25 வோல்ட் என்று காட்டினால்தான் கதை சுவையாகிறது.

வண்டிக்குச் சார்ஜ் இல்லை, அதனால்தான் சார்ஜரைச் செருகுகிறோம். சார்ஜ் இல்லாததாலேயே சார்ஜர் வேலை செய்ய மறுக்கிறது! பசியில் மயங்கிக் கிடப்பவனிடம், எழுந்து வந்து இலை போட்டு உட்கார்ந்தால்தான் சோறு என்று சொல்வதுபோல. இதைப் பழுது என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள்.

டிரான்ஸ்ஃபார்மர் வகை சார்ஜருக்குள், சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டின் வழியில் ஒரு ரிலே, அதாவது காந்தத்தால் இயங்கும் சுவிட்ச், உட்கார்ந்திருக்கும். அந்த ரிலேயை இழுக்கும் காயிலுக்கு மின்சாரம் சுவரிலிருந்து வருவதில்லை, வண்டியின் பேட்டரியிலிருந்தே வருகிறது. பிளக்கைச் செருகியதும் பேட்டரியின் மின்னோட்டம் காயிலில் பாய்ந்து அதைக் காந்தமாக்கும். இரும்புத் தகடு 'டக்' என்று ஒட்டும். அதற்குப் பிறகே டிரான்ஸ்ஃபார்மர் 'ம்ம்ம்' என்று முனகத் தொடங்கும். இதனால் வெறுமனே தொங்கும் பிளக்கின் முனையில் மின்சாரமே இருக்காது, தொட்டாலும் பொறி பறக்காது. காயிலோடு, மின்னோட்டத்தை ஒரே திசையில் மட்டும் விடும் ஒரு சிறு டயோடைச் சேர்த்துவிட்டால், பாசிட்டிவ் நெகட்டிவ் மாறிப் பொருத்திய வண்டிக்கும் ரிலே வழிவிடாது. சில பைசா பொருளில் எத்தனை பாதுகாப்பு!

காந்தத்தின் இழுவிசை மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும் என்பது பள்ளியில் படித்ததுதான். 48 வோல்ட்டில் இருக்கும் இழுப்பு, 34 வோல்ட்டில் பாதியாகிவிடும். தகட்டின் ஸ்பிரிங் வென்றுவிடும். தயாரிப்புக்கேற்ப மாறினாலும், 48 வோல்ட் வண்டிகளில் ஏறக்குறைய 35 வோல்ட்டுக்குக் கீழே இந்த 'டக்' கேட்பது சந்தேகம். இதில் இன்னொரு அழகு: தகடு ஒருமுறை ஒட்டிக்கொண்டால் நடுவிலிருந்த காற்று இடைவெளி மறைந்துவிடுகிறது; அதன்பின் பிடித்துவைக்க முன்பைவிட மிகக் குறைந்த மின்னோட்டமே போதும். எனவே பேட்டரியைக் கொஞ்சம் எழுப்பிவிட்டால் போதும், மீதியைச் சார்ஜரே பார்த்துக்கொள்ளும். புதிய மின்னணு சார்ஜர்களில் ரிலேயின் இடத்தில் நுண்செயலி. அதுவும் முதலில் வோல்ட்டைப் பார்த்துத்தான் கதவைத் திறக்கிறது. கிளப் கார் என்ற கோல்ஃப் வண்டி நிறுவனம் 1995 முதல் கொண்டுவந்த 48 வோல்ட் வண்டிகளில் இந்த அனுமதியைத் தருவது வண்டிக்குள் இருக்கும் ஒரு கணினி. அங்கே அந்தக் கணினி மயங்கினாலும் இதே மௌனம்தான்.

எழுப்புவது எப்படி? மோதிரம், கைச்சங்கிலியைக் கழற்றுங்கள்; பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள்; ஷெட் கதவைத் திறந்து வையுங்கள். பேட்டரி விடும் ஹைட்ரஜன், காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பிடிக்கும். வண்டியின் ஓட்டு–இழு (Run–Tow) சுவிட்சை 'இழு' நிலையில் வையுங்கள். செல்களில் தகடு வெளியே தெரிந்தால், அது மூழ்கும் அளவுக்கு மட்டும் டிஸ்டில்டு வாட்டர். நிரப்புவது முழு சார்ஜுக்குப் பிறகு, இல்லாவிட்டால் அமிலம் பொங்கி வழியும். 12 வோல்ட் பேட்டரி என்றால் சாதாரண கார் சார்ஜரை ஒவ்வொன்றுக்கும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் கொடுங்கள். 6 வோல்ட் என்றால் அடுத்தடுத்த இரண்டைச் சேர்த்து அதே சார்ஜர். 8 வோல்ட் என்றால் அடுத்தடுத்த மூன்றுக்கு 24 வோல்ட் லாரி சார்ஜர். 12 வோல்ட் சார்ஜரை ஒற்றை 8 வோல்ட் பேட்டரியில் மாட்டாதீர்கள். தானியங்கி கார் சார்ஜர் ஒத்துழைக்காது, அதுவும் வோல்ட் பார்க்கும் ரகம். கையால் இயக்கும் பழைய வகைதான் வேண்டும். கவ்விகளை மாட்டிய பிறகே சுவிட்ச் போட வேண்டும், சுவிட்சை அணைத்த பிறகே கழற்ற வேண்டும். மொத்தம் 40 வோல்ட்டைத் தாண்டியதும் வண்டியின் சொந்தச் சார்ஜரைச் செருகுங்கள். 'டக்' கேட்கும்.

பத்தே நிமிடத்தில் 'முழுதும் ஏறிவிட்டது' என்று காட்டினால் மகிழாதீர்கள். தீர்ந்த பேட்டரியின் தகடுகளில் படியும் காரீய சல்ஃபேட், சும்மா கிடக்கக் கிடக்கப் பெரிய படிகங்களாக வளர்ந்து கெட்டிப்படும். மின்னோட்டம் உள்ளே நுழைய முடியாமல் மின்னழுத்தம் மட்டும் சட்டென்று ஏறும். சார்ஜர் ஏமாந்து நின்றுவிடும். பல சுற்று மெதுவாக ஏற்றி இறக்கினால் ஓரளவு மீளலாம். காரீய பேட்டரியை பிரெஞ்சு இயற்பியலாளர் பிளான்டே செய்து காட்டியது 1859இல். இன்றும் அதைக் கொல்வதில் முக்கியமானது இந்தப் படிகம்தான். அழகப்பச் செட்டியாரின் கொடையால் காரைக்குடியில் அமைந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கும் நாட்டில், ஆராய்ச்சிப் பணமெல்லாம் லித்தியத்தின் பின்னாலேயே ஓடுவது எனக்கு உவப்பாயில்லை. வீடுதோறும் இன்வெர்ட்டருக்குக் கீழே இருப்பது எது?

சார்ஜ் ஏறி, சில மணி நேரம் ஓய்ந்த பிறகு ஒவ்வொரு பேட்டரியையும் தனியாக அளந்து பாருங்கள். மற்றவை 8.4 காட்ட, ஒன்று மட்டும் 6.3 காட்டினால் அதில் ஒரு செல் செத்துவிட்டது. மூடி திறக்கும் வகை என்றால், அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் இன்னும் துல்லியம்: ஒரு செல்லுக்கும் இன்னொன்றுக்கும் அடர்த்தி எண்ணில் 0.050 வித்தியாசம் இருந்தால் அந்த பேட்டரிக்கு ஆயுள் முடிந்தது. பேட்டரிக்குள் போடும் 'உயிர்ப் பொடி'க்குக் கொடுக்கும் காசில் ஒரு ஹைட்ரோமீட்டர் வந்துவிடும். சிமெண்டுத் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கும் என்பதும் இன்றைய பிளாஸ்டிக் பெட்டிகளுக்குப் பொருந்தாது. ஆனால் பேட்டரியின் தலையில் சேரும் ஈர அழுக்கு உண்மையிலேயே மின்சாரத்தைக் கசியவிடும். மீட்டரின் ஒரு முனையை டெர்மினலிலும் மறு முனையைப் பெட்டியின் மேற்பரப்பிலும் வைத்தால் அந்தக் கசிவு வோல்ட்டாகவே தெரியும். ஆயுதபூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைப்பவர்கள் ஸ்டீயரிங்கில் வையுங்கள், பேட்டரியின் மேல் வேண்டாம்.

பேட்டரி நன்றாக இருந்தும் மௌனம் என்றால்தான் சார்ஜரைச் சந்தேகிக்க வேண்டும். 'டக்' கேட்டு முனகல் இல்லையென்றால் 230 வோல்ட் பக்கம்: பிளக், ஃபியூஸ், டிரான்ஸ்ஃபார்மர். முனகியும் அம்மீட்டர் முள் அசையவில்லையென்றால் டயோடு அல்லது வெளிப்பக்க ஃபியூஸ். முள் பாதியில் நின்றால் இரண்டு டயோடுகளில் ஒன்று போயிருக்கும். மாற்றிய ஃபியூஸ் உடனே எரிந்தால் டயோடு ஷார்ட். உள்ளே 660 வோல்ட் என்று எழுதிய கெப்பாசிட்டர் இருந்தால், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் மின்னேற்றம் மிச்சமிருக்கும். விஷயம் தெரியாமல் கை வைக்க வேண்டாம்.

லித்தியம் வண்டிக்கு மேலே சொன்ன எழுப்பும் வித்தை எதுவும் ஆகாது. அங்கே வெளிமுனையில் பூஜ்ஜியம் காட்டுவது பெரும்பாலும் பேட்டரிக்குள் இருக்கும் மின்னணுக் காவல் சுற்று தானே கதவைச் சாத்திக்கொண்டதால்தான். அதைத் தாண்டி நேரடியாக ஏற்றினால், ஆழமாகத் தீர்ந்த செல்லுக்குள் கரைந்திருக்கும் செம்பு மீண்டும் படிந்து உள்ளேயே ஷார்ட் ஆகலாம். விற்றவரிடமே அனுப்புங்கள்.