பவுனை வைத்துப் பவுண்ட் வாங்குகிறவர்களுக்கு

இங்கிலாந்து போய் உதைபந்தாட்டம் பார்க்க வங்கியில் கடன் கேட்டு வந்தவர்களில் இந்த மாதத்தில் இது மூன்றாவது ஆள். முதல் இரண்டு பேரிடமும் பொறுமையாகத்தான் கதைத்தேன். மூன்றாவது தம்பி வந்த அன்று என் மதியச் சாப்பாடும் ஆறிப்போனது, பொறுமையும் போய்விட்டது. அதனால் எழுதுகிறேன்.

கொழும்பில் கொட்டாஞ்சேனைப் பக்கம் ஒரு வங்கிக் கிளையில் கடன் பிரிவில் பதினேழு வருடமாக இருக்கிறேன். வீடு கட்ட, முச்சக்கரவண்டி வாங்க, கலியாணச் செலவுக்கு, பிள்ளையை வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்ப என்று எல்லாக் கடனும் பார்த்தாயிற்று. உதைபந்தாட்டம் பார்க்கக் கடன் கேட்டு ஆட்கள் வரத் தொடங்கியது அண்மையில்தான். விண்ணப்பத்தில் அப்படி எழுத மாட்டார்கள். ‘தனிப்பட்ட தேவை’ என்று போடுவார்கள். இரண்டு கேள்வி கேட்டால் மான்செஸ்டர் யுனைடெட்டின் மைதானமான ஓல்ட் ட்ரஃபோர்ட் வந்துவிடும்.

தம்பிக்கு 27 வயது. கைக்கு வரும் சம்பளம் 118,000 ரூபாய். மோட்டார் சைக்கிள் லீசிங்குக்கு மாதம் 19,000 போகிறது. கிரெடிட் கார்டில் இரண்டு லட்சத்துக்கு மேல் பாக்கி. அம்மாவின் காப்பு இரண்டும் ஏற்கெனவே அடகில். “மிஸ், ஒரு 10 லட்சம் எடுத்துத் தாங்கோ, வாழ்க்கையில் ஒரே ஒரு மேட்ச்” என்றார். நான்காக மடித்த தாள் ஒன்றில் கணக்கும் வைத்திருந்தார். முதல் வரி: டிக்கெட் 66 பவுண்ட்.

அந்த 66, 2024-25 பருவத்தில் சரியான விலைதான். 2024 இறுதியில், பருவம் பாதி போய்க்கொண்டிருந்தபோது, மான்செஸ்டர் யுனைடெட் மிச்சமிருந்த உறுப்பினர் டிக்கெட்டுகளை 66 பவுண்டுக்கு ஏற்றியது. சிறுவர்களுக்கும் முதியவர்களுக்கும் இருந்த சலுகையும் அதோடு போனது. பவுண்ட் 400 ரூபாய் என்று வைத்தால் 26,400. “இதை நான் ஒரு மாதத்தில் மிச்சம் பிடிப்பேன் மிஸ்” என்றார். பிடிக்கலாம். ஆனால் அந்தத் தாளிலேயே மிகச் சின்னத் தொகை அதுதான்.

அந்த விலைக்கு டிக்கெட் கிடைக்கும் என்று யார் சொன்னது? பெரிய கழகங்களில் முதலில் பணம் கட்டி உறுப்பினராக வேண்டும். உறுப்பினரானாலும் பல கழகங்களில் குலுக்கலில் பெயர் விழுந்தால்தான் டிக்கெட். விழாவிட்டால் சாப்பாட்டோடு சேர்த்து நூற்றுக்கணக்கான பவுண்டுக்கும் அதற்கு மேலும் விற்கும் விருந்துபசாரப் பொதிகள் இருக்கின்றன, அல்லது முகநூலில் “கன்ஃபர்ம் சீட்” என்று விற்கும் யாரோ ஒருவர். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அனுமதியில்லாமல் உதைபந்தாட்ட டிக்கெட்டை மறுவிற்பனை செய்வது 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அப்படி வாங்கிய டிக்கெட்டைக் கழகம் கண்டுபிடித்து ரத்துச் செய்தால், மைதானத்துக்கு வெளியே நின்று படம் எடுத்துக்கொண்டு வரலாம். அப்புறம் தொலைக்காட்சிக்காரர்கள் சனிக்கிழமை ஆட்டத்தை ஞாயிறுக்கோ திங்களுக்கோ தள்ளுவார்கள். தேதி மாற்ற முடியாத மலிவு விமான டிக்கெட் வாங்கியவருக்கு அன்று என்ன கதி? விசா மறுக்கப்பட்டாலும் விசாக் கட்டணம் திரும்பி வராது. இவற்றில் ஒன்றுகூடத் தாளில் இல்லை.

“தங்கச் செலவில்லை, சித்தப்பா லண்டன் ஈஸ்ட்ஹாமில் இருக்கிறார்” என்றார். ஈஸ்ட்ஹாமிலிருந்து மான்செஸ்டர் 300 கிலோமீட்டருக்கு மேல். சித்தப்பா எத்தனை மேட்ச் பார்த்திருக்கிறார் என்று கேட்டேன். இருபத்திரண்டு வருடத்தில் ஒன்றும் இல்லையாம், எல்லாம் டிவியில்தானாம்.

சரி, இதெல்லாம் தெரியாத்தனம், சொன்னால் விளங்கிக்கொள்வார்கள். என்னைக் கோபப்படுத்துவது வேறொன்று: “மாதம் இவ்வளவுதானே மிஸ்.”

இந்த ‘தானே’ பல குடும்பங்களைத் தின்றிருக்கிறது. 10 லட்சத்தை வருடம் 15 சதவீத வட்டியில் நான்கு வருடத்துக்கு எடுத்தால் மாதத் தவணை ஏறத்தாழ 27,830 ரூபாய். கட்டி முடிக்கும்போது 13 லட்சத்து 36 ஆயிரம் அளவில் போயிருக்கும். ஓர் உலகக் கிண்ணத்துக்கும் அடுத்த உலகக் கிண்ணத்துக்கும் இடையே உள்ள காலம் முழுக்க 90 நிமிடத்துக்காகக் கட்டிக்கொண்டிருப்பீர்கள். இது நல்ல கடன். கெட்ட கடன் கார்டில் இருக்கிறது. அதே 10 லட்சத்தைக் கார்டில் இழுத்து, வட்டி வருடம் 26 சதவீதம் என்றும், மாதாமாதம் குறைந்தபட்சமாக 5 சதவீதம் மட்டும் கட்டுகிறீர்கள் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். முதல் வருடத்தில் நீங்கள் கட்டுவது 5 லட்சத்து 20 ஆயிரத்துக்கு மேல். கடன் குறைவதோ 3 லட்சம் மட்டும். மீதி 7 லட்சம் அப்படியே நிற்கும். “ஒவ்வொரு மாதமும் ஒழுங்காகக் கட்டுகிறேனே” என்று கண்கலங்குகிறவர்கள் எல்லாம் இந்தக் குறைந்தபட்சத்தைக் கட்டுகிறவர்கள்தான். குறைந்தபட்சம் கட்டினால் தாமதக் கட்டணம் வராது, அவ்வளவுதான். கடன் தீராது. இதை நான் நாளுக்கு நான்கு தடவை சொல்கிறேன். இன்னும் ஒரு தடவை சொல்கிறேன்: கடன் தீராது.

‘மாதம் இவ்வளவு’ என்று கேட்கக் கூடாது. வாடகை, மின்சாரம், அம்மாவின் மருந்து, ஏற்கெனவே உள்ள தவணை எல்லாம் போனபின் கையில் என்ன நிற்கிறது என்று கேளுங்கள். நான் எல்லோருக்கும் வைக்கும் சோதனை ஒன்று உண்டு. கடன் எடுக்கும் முன் அந்தத் தவணைப் பணத்தை ஆறு மாதம் ஒரு சேமிப்புக் கணக்கில் போட்டுக் காட்டுங்கள். போட முடிந்தால் கடன் கட்டவும் முடியும். கையில் ஒன்றரை லட்சத்துக்கு மேல் சேர்ந்தும் இருக்கும், கடனும் அவ்வளவுக்குச் சிறுக்கும். மூன்றாம் மாதமே நின்றுபோனால் விடையும் கிடைத்துவிட்டது.

வெளிநாட்டுப் பணத்தில் செலவு செய்கிறவர்கள் 2022ஐ மறந்துவிட்டார்களா? அந்த மார்ச் தொடக்கத்தில் டாலர் 200 ரூபாய் அளவில் இருந்தது. மே மாதத்தில் 360 அளவில் நின்றது. முற்பணம் மட்டும் கட்டி மிச்சத்தை டாலரில் கட்ட வேண்டியிருந்தவர்கள் என் மேசைக்கு முன்னால் வந்து உட்கார்ந்த விதம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ரூபாய் சில காலம் அமைதியாக இருந்தது என்பதற்காக அது உங்கள் பயணத் திகதி வரை காத்திருக்கும் என்று இல்லை. கார்டில் வெளிநாட்டுக்குக் கட்டும்போது வங்கியின் மாற்றுக் கட்டணமும் முத்திரை வரியும் மேலே ஏறும் என்பதையும் பாருங்கள்.

2026 உலகக் கிண்ணம் இன்னொரு கூத்து. ஃபிஃபா முதலில் அறிவித்த விலைகள் 60 டாலரில் தொடங்கி இறுதிப் போட்டிக்கு 6,730 டாலர் வரை போயின. அதுவும் தேவைக்கேற்ப ஏறும் விலை. ஃபிஃபாவின் சொந்த மறுவிற்பனைத் தளத்தில் வாங்குகிறவரிடம் 15 சதவீதம், விற்கிறவரிடம் 15 சதவீதம். அடகுக்கடைக்காரர்கூட ஒரு பக்கத்தில்தான் எடுப்பார்.

இங்கிலாந்தில் இருக்கிறவர்களுக்கே இந்த விலை கட்டுப்படியாகவில்லை என்பது நம் பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. 2016 பெப்ரவரியில் லிவர்பூல் 77 பவுண்ட் டிக்கெட் கொண்டுவரப் பார்த்தது. சண்டர்லேண்டுடனான ஆட்டத்தின் 77ஆவது நிமிடத்தில் ஆயிரக்கணக்கான ரசிகர்கள் எழுந்து வெளியே போனார்கள். 2-0 என்று முன்னிலையில் இருந்த ஆட்டம் 2-2 ஆக முடிந்தது. சில நாளில் உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டு விலையை விலக்கிக்கொண்டார்கள். வெளியூர் ரசிகர்களுக்கு 30 பவுண்டுக்கு மேல் வாங்கக் கூடாது என்ற பிரிமியர் லீக் வரம்பும் 2016-17 பருவத்தில்தான் வந்தது. ஜெர்மனியில் கழகத்தின் பெரும்பான்மை வாக்கு உறுப்பினர்களிடம் இருக்க வேண்டும் என்று விதி, டோர்ட்முண்டில் ஏறத்தாழ 25,000 பேர் நின்றுகொண்டே பார்க்கும் மலிவான பக்கம் ஒன்று இன்னும் இருக்கிறது. உள்ளூர்க்காரர் விலைக்காக எழுந்து வெளியே போகிறார், நம் தம்பி அம்மாவின் காப்பை வைத்து உள்ளே போகிறார்.

அடகு பற்றி மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். பொன் விலை ஏறியதும் அதே நகைக்கு மேல் பணம் எடுக்க வருகிறீர்கள். விலை ஏறியது நகைக்கு, உங்கள் சம்பளத்துக்கு அல்ல. வட்டியையாவது மாதாமாதம் கட்டுங்கள், பகுதி பகுதியாக முதலையும் கட்டலாம். வருட முடிவில் ஏல அறிவித்தல் வீட்டுக்கு வரும்போது அதைப் பிரித்து வாசிக்கிறவர் அம்மா.

நண்பனின் மேட்ச் பயணத்துக்குப் பிணைக் கையெழுத்துப் போடுகிற மகான்களே, அவன் கட்டாவிட்டால் கட்ட வேண்டியது நீங்கள். ஒவ்வொருவரின் கடன் விவரத்தையும் பதிந்து வைக்கும் கடன் தகவல் பணியகத்தின் (கிரிப்) உங்கள் அறிக்கையிலும் அது விழும். (கிரிப் யாரையும் ‘கறுப்புப் பட்டியலில்’ போடுவதில்லை, கட்டியதையும் கட்டாததையும் எழுதி வைக்கிறது. முடிவெடுப்பது வங்கி. இதையும் நாளுக்கு நான்கு தடவை.)

மேட்ச் பார்க்காதே என்று நான் சொல்லவில்லை. என் அப்பா என்னைச் சுகததாச மைதானத்துக்குக் கூட்டிப்போய்க் கடலைச் சுருள் வாங்கித் தந்து ரட்னம், ரினோன், சோண்டர்ஸ் என்று உள்ளூர்க் கழகங்களின் ஆட்டமெல்லாம் காட்டியவர். 2021 நவம்பரில் ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் இறுதிப் போட்டியில் நம் இலங்கை அணி சீஷெல்ஸுடன் 3-3 வரை போய்ப் பெனால்டியில் தோற்றதே, அது எந்தப் பிரிமியர் லீக் ஆட்டத்துக்குக் குறைச்சல்? போகத்தான் வேண்டும் என்றால் இரண்டு வருடம் சேர்த்துப் போங்கள். சேர்த்துப் போனவர் ஒருவர் திரும்பி வந்து எனக்குச் சாவிக்கொத்து ஒன்று தந்தார், மேசையில் இருக்கிறது.

அந்தத் தம்பிக்கு நான் கடன் பரிந்துரைக்கவில்லை. கோபித்துக்கொண்டு போனார், தாளை மேசையிலேயே விட்டுவிட்டு. வேறெங்காவது எடுத்திருக்கவும் கூடும். நீங்கள் வருவதாக இருந்தால் சம்பளச் சிட்டை மூன்று மாதத்தினதும் கார்ட் கூற்றும் கொண்டு வாருங்கள். மாதக் கடைசியில் மட்டும் வேண்டாம், அடகுப் பகுதி வரிசை என் மேசை வரைக்கும் நிற்கும்.