எல்லா மாசமும் 4ஆம் தேதி: எக்செல் தேதியை எப்படிப் படிக்குது?

எங்க அப்பார்ட்மென்ட்டோட மெயின்டனன்ஸ் கணக்கு நான்தான் பாக்கறேன். 2024 மே மாசம், ஏப்ரல் மாச பேங்க் ஸ்டேட்மென்ட்ட சிஎஸ்வியா டவுன்லோட் பண்ணி, டபுள் கிளிக் பண்ணி எக்செல்ல தொறந்து மாசவாரியா கூட்டிப் பாத்தா ஜனவரியில ஒரு தொகை, பிப்ரவரியில ஒண்ணு, அப்படியே போயி டிசம்பர்லயும் ஒண்ணு நிக்குது. டிசம்பர் வர்றதுக்கு இன்னும் ஏழு மாசம் இருக்கே! அதுவும் எல்லாமே அந்தந்த மாசம் 4ஆம் தேதி. ஸ்டேட்மென்ட்ல இருந்த மீதி வரி (ரோ) எதுவும் எந்த மாசக் கணக்குலயும் சேரல.

சிஎஸ்விங்கறது வெறும் டெக்ஸ்ட். 03/04/2024ன்னு எழுத்துதான் இருக்கும், இதுல எது நாள் எது மாசம்னு ஒரு குறிப்பும் கெடையாது. அதனால எக்செல் அத தொறக்கும்போது விண்டோஸோட ரீஜன் செட்டிங்ஸ்ல என்ன இருக்குன்னு பாத்துதான் முடிவு பண்ணும். என் லேப்டாப்ல அமெரிக்கா ஃபார்மேட் இருந்துச்சு, அங்க மாசம்தான் முதல்ல. பேங்க் எழுதினது நம்ம வழக்கப்படி நாள் முதல்ல. அதனால 01/04 ஜனவரி 4 ஆயிடுச்சு, 02/04 பிப்ரவரி 4, இப்படியே 12/04 வந்து டிசம்பர் 4. நடுவுல 04/04 மட்டும் எப்படிப் படிச்சாலும் சரியா வந்துடுச்சு. 13/04 வந்ததும் 13வது மாசம்னு ஒண்ணு இல்லாததால எக்செல் அத தேதியாவே எடுத்துக்காம எழுத்தா விட்டுடுச்சு. எனக்கு கோவம் வர்றது இங்கதான், இவ்வளவு நடந்தும் ஒரு எச்சரிக்கை கூட வராது, பாதி கணக்கு தப்பா மாறி பாதி அப்படியே நின்னு பாக்கறதுக்கு ஷீட் ஒழுங்கா இருக்கற மாதிரியே தெரியும்.

இப்ப நெறைய பேர் பண்றது என்னன்னா அந்த தேதி காலத்த (மேலேர்ந்து கீழ வர்ற column) செலக்ட் பண்ணி ஃபார்மேட் செல்ஸ்ல போய் நாள்-மாசம்-வருஷம்னு மாத்துறது. அது வேலைக்கு ஆகாது. ஏன்னா எக்செல் உள்ள தேதிய தேதியா வெச்சுக்கறதில்ல, 1900 ஜனவரி 1ஐ 1ன்னு வெச்சு எண்ணிட்டு வர்ற ஒரு நம்பராத்தான் வெச்சுக்கும். 2024 ஏப்ரல் 3ன்னா 45385, மார்ச் 4ன்னா 45355. படிக்கும்போதே 45355ன்னு தப்பா உள்ள போயிடுச்சு, அதுக்கப்புறம் ஃபார்மேட் மாத்துறது அந்த நம்பருக்கு வேற சட்டை போடறது மட்டும்தான், உள்ள இருக்கற 30 நாள் வித்தியாசம் அப்படியேதான் இருக்கும்.

கண்டுபிடிக்க ஈஸியான வழி ஒண்ணு இருக்கு. அலைன்மென்ட் எதுவும் மாத்தாத ஷீட்ல தேதியா எடுத்துக்கிட்டது செல்லோட வலது பக்கம் ஒட்டி நிக்கும், எழுத்தா விட்டது இடது பக்கம் நிக்கும். ஒரே காலத்துல 12 வரி வலது பக்கமும் மீதி இடது பக்கமும் நின்னா இந்த பிரச்சனைதான்னு சந்தேகப்படலாம். இன்னும் உறுதியா தெரியணும்னா ஃபார்மேட்ட ஜெனரல்னு மாத்திப் பாருங்க, தேதியெல்லாம் 45 ஆயிரத்து சொச்சம்னு நம்பரா மாறும், எழுத்து மட்டும் 13/04/2024ன்னே நிக்கும்.

சரி பண்ண, அந்த ஷீட்ட சேவ் பண்ணாம மூடிடுங்க. டேட்டா டேப்ல ஃப்ரம் டெக்ஸ்ட் சிஎஸ்வி வழியா அதே ஃபைல எடுத்து ட்ரான்ஸ்ஃபார்ம் டேட்டா குடுத்தா பவர் கொயரி, அதாவது டேட்டாவ ஷீட்டுக்குள்ள போடறதுக்கு முன்னாடி சரி பண்ற விண்டோ, தொறக்கும். அங்க வலது பக்கம் சேஞ்ச்ட் டைப்னு ஒரு ஸ்டெப் தானாவே வந்து உக்காந்திருக்கும், முதல்ல அத டெலீட் பண்ணணும், இல்லன்னா தப்பா படிச்சதுக்கு மேலயே நீங்க வேலை பண்ணிட்டு இருப்பீங்க. அப்புறம் தேதி காலத்துல ரைட் கிளிக், சேஞ்ச் டைப், யூசிங் லோகேல், அதுல டேட், இங்கிலீஷ் இந்தியா. எக்செல்லுக்கு பதிலா இலவசமா கிடைக்கற லிப்ரே ஆபீஸ் வெச்சிருந்தா இன்னும் சுலபம், சிஎஸ்வி தொறக்கும்போதே வர்ற விண்டோல அந்த காலத்த கிளிக் பண்ணி நாள்-மாசம்-வருஷம் வரிசைய நீங்களே சொல்லிடலாம்.

மறுபடி வராம இருக்கணும்னா எக்செல்ல மூடிட்டு விண்டோஸ் செட்டிங்ஸ்ல ரீஜனல் ஃபார்மேட்ட இங்கிலீஷ் இந்தியான்னு மாத்துங்க. டிஸ்ப்ளே லாங்குவேஜ் வேற, இது வேற. மெனு எல்லாம் அமெரிக்க இங்கிலீஷ்லயே இருந்தாலும் தேதி மட்டும் நம்ம வரிசையில வரும்.

இது நம்ம வீட்டுக் கணக்கோட நிக்கற விஷயமில்ல. செப்ட்2, மார்ச்1னு மனுஷ ஜீன்களுக்கு பேர் இருந்துச்சு, எக்செல் அதையும் தேதின்னு நினைச்சு மாத்திக்கிட்டே இருந்ததால ஆராய்ச்சி ஃபைல்கள் கெட்டுப்போயி, கடைசியில 2020ல அந்த பேரையே செப்டின்2, மார்ச்எஃப்1னு மாத்தினதா ஜீன் பெயர்க் குழு அறிவிச்சாங்க.

நான் இப்ப கமிட்டிக்கு அனுப்பற ஃபைல்ல எல்லாம் 2024-04-03ன்னு வருஷத்த முதல்ல போட்டுத்தான் எழுதறேன். 1988ல வந்த ஐஎஸ்ஓ 8601ங்கற, தேதி எழுதறதுக்கான சர்வதேச தரநிலையில சொல்ற வரிசை இது. அமெரிக்கா செட்டிங் இருக்கற மெஷின்ல தொறந்தாலும் ஏப்ரல் 3ன்னுதான் படிக்குது.