பேதுருவை விட்டுவிடுங்கள்

போன ஞாயிறும் அதே பிரசங்கம். யோவான் 21. தம்மேல் அன்பு உண்டா என்று இயேசு பேதுருவிடம் மூன்று முறை கேட்கும் இடம். கிரேக்க மூலத்தில் முதல் இரண்டு முறை ‘அகபாவோ’ என்ற வினையால் கேட்டாராம். அது தெய்வீக அன்பாம். பேதுரு ‘ஃபிலேயோ’ என்று வெறும் சிநேகத்தைச் சொல்லி நழுவினாராம். மூன்றாம் முறை ஆண்டவரே இறங்கிவந்து ‘ஃபிலேயோ’ என்று கேட்டாராம். சபை உருகிப்போனது. கிரேக்கம் சொல்லிக்கொடுக்கிற எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை.

ஐயா, அகபாவோ என்றாலே தன்னலமற்ற அன்பு என்று உங்களுக்கு யார் சொன்னது? 2 சாமுவேல் 13-ஐ பழைய கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்தில் பாருங்கள். மாற்றாந்தாய் மகள் தாமார்மேல் அம்னோனுக்கு மோகம். அவளைக் கெடுத்துத் துரத்திய அந்த மோகத்துக்கும் வினை அகபாவோதான். பவுலின் உடன் ஊழியன் தேமா இப்பிரபஞ்சத்தின்மேல் ஆசைவைத்து அவரை விட்டுப் போனானே, 2 தீமோத்தேயு 4:10, அதுவும் அகபாவோ. பரிசேயர் ஜெப ஆலயத்தில் முதல் இருக்கைகளை விரும்புவதை லூக்கா 11:43 அகபாவோ என்கிறது. மத்தேயு 23:6 ஃபிலேயோ என்கிறது. நாற்காலி ஆசையில் என்ன தெய்வீகம்?

பிதா குமாரனில் அன்பாயிருக்கிறார் என்று யோவான் இரண்டு இடங்களில் எழுதுகிறார். 3:35-ல் அகபாவோ, 5:20-ல் ஃபிலேயோ. அதற்குள் பிதாவின் அன்பு இளைத்துவிட்டதா? சொல்லை மாற்றிப்போடுவது யோவானுக்குப் பழக்கம். பேதுருவுடனான அதே உரையாடலில் மேய்ப்பதற்கும் இரண்டு வினைகள், அறிவதற்கும் இரண்டு வினைகள். அவற்றை வைத்து யாரும் கண்ணீர் வரவழைப்பதில்லை.

நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு ‘அன்பாயிருக்கிறாயா’, ‘நேசிக்கிறேன்’ என்று சொற்களைப் பிரித்தே காட்டுகிறது. நேர்மையான வேலை. அதற்காக அன்புக்குப் படிக்கட்டு கட்டிவிட முடியாது. பேதுருவின் பதில் ‘ஆம் ஆண்டவரே’ என்று தொடங்குகிறது. நழுவுகிறவர் ‘ஆம்’ என்பாரா? அவர் துக்கப்பட்டது மூன்றாந்தரம் கேட்டதால் என்று வசனமே சொல்கிறது. இயேசுவைத் தெரியாது என்று மூன்று முறை மறுதலித்தவருக்கு அந்த எண்ணிக்கை சுடாதா?

ஃபிலேயோவுக்கு முத்தமிடுதல் என்றும் பொருள் உண்டு. யூதாஸ் ‘நான் எவனை முத்தஞ்செய்வேனோ’ என்றது இந்த வினையில்தான். இன்றைய கிரேக்கக் காதலர்கள் தம் காதலைச் சொல்வதோ அகபாவோ வழிவந்த ‘ஸகபோ’வில்.

ஆகவே, தயவுசெய்து, அகராதியின் முதல் வரியோடு எழுந்து மேடைக்குப் போகாதீர்கள். அந்த வினை வேறு எங்கெல்லாம் வருகிறது என்று அரைமணி நேரம் தேடுங்கள். நேரமில்லையா, கிரேக்கத்தைத் தொடாதீர்கள். ‘என் ஆடுகளை மேய்ப்பாயாக’ என்பதைப் பற்றியே ஒரு மணி நேரம் பேசலாம்.