ஓதம் ஏறும் சுவரும் ஏசி போட்ட கடையும்

வேலூரின் பழைய தெருக்களில் சுண்ணாம்புக் காரையால் கட்டிய செங்கல் வீடொன்றை ஜவுளிக்கடையாக மாற்ற முனைபவர், பெரும்பாலும் உதிர்ந்த பழைய பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டுச் சிமெண்ட் பூசுவதில்தான் வேலையைத் தொடங்குகிறார். ஓரிரு மழைக்காலம் போனதும் அந்தப் பூச்சு தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் உப்பி நிற்கும்; விரலால் தட்டினால் உள்ளே வெற்றிடம் இருப்பது காதுக்கே தெரியும்; பெயர்த்துப் பார்த்தால் செங்கல் மாவாகக் கொட்டும்.

அக்காலச் சுவர்களில் பலவற்றின் அடியில் ஈரத்தடுப்புப் படலம் கிடையாது. திரியில் எண்ணெய் ஏறுவதுபோல், மண்ணின் ஈரம் செங்கல்லின் நுண்துளைகள் வழியே மேலேறுகிறது. இதையே ஓதம் என்கிறோம். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை ஆவியாக வெளியே விட்டுவிடும். சிமெண்ட் பூச்சு எளிதில் விடாது. வழி அடைபட்ட ஈரம் இன்னும் உயரத்துக்கு ஏறுகிறது. அதில் கரைந்து வந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி, அப்படிகம் வளர வளரத் துளைகளை நெருக்கிச் செங்கல்லையே நொறுக்குகிறது. போதாததற்கு, சித்திரை வெயிலில் விரிந்து இரவில் சுருங்கும் சுவருக்குக் காரை நெகிழ்ந்து கொடுக்கும், சிமெண்ட் கொடுக்காது.

சுண்ணாம்புக்கல்லைச் சுமார் 900 டிகிரி செல்சியசில் சுடும்போது பிரிந்துபோகும் கரியமில வாயுவை, நீற்றிப் பூசிய சுண்ணாம்பு காற்றிலிருந்து திரும்ப வாங்கிக்கொண்டு மெல்ல மெல்லக் கல்லாகிறது. இதற்கு மாதக்கணக்காகும். திறப்புவிழாத் தேதியைக் குறித்துவிட்டு வருகிறவர்களுக்குச் சுண்ணாம்பு பிடிக்காமல் போவதற்கு இதுதான் காரணம்.

ஏசி கொண்டுவரும் தொல்லை வேறு வகை. குளிர்நாடுகளில் நீராவி சூடான அறையிலிருந்து வெளியே போகும். இங்கோ ஐப்பசி மழையின் ஈரக்காற்று குளிர்ந்த கடையை நோக்கிச் சுவர் வழியே உள்ளே வருகிறது. உட்புறத்தில் பிளாஸ்டிக் பெயிண்டோ வினைல் தாளோ இருந்தால், அதன் பின்னே ஆவி நீராகிப் பூஞ்சை பிடிக்கும். ஆகவே சுவரின் உட்புறத்தில் ஆவி புகாத படலம் போடச்சொல்லிக் குளிர்நாடுகளில் எழுதிய அறிவுரையை அப்படியே இங்கே பின்பற்றக்கூடாது. உட்சுவருக்கு வெள்ளையடிப்பே போதும்.

மாடியைச் சுருக்கமாகச் சொல்லலாம்: குடியிருப்புக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ சுமை என்று கணக்கிடும் இடத்தில் கடைக்கு அதன் இருமடங்கு வேண்டும் என்பதால், மாடியைத் தாங்கும் தேக்குக் கட்டைகளின், சுவருக்குள் பதிந்த முனைகளைப் பொறியாளர் சோதிக்கும்வரை துணிக்கட்டுகள் கீழ்த்தளத்திலேயே இருக்கட்டும்.

எதைப் பூசுவதற்கும் முன்னால் வாசலைப் பார்க்கவேண்டும். ரோட்டின்மேல் ரோடு போட்டுப்போட்டுத் தெரு உயர்ந்து, திண்ணை பள்ளமாகி, மழைநீர் சுவரடியில் நிற்கும் வீடுகள் எத்தனையோ. அந்த நீர் வடிய வாய்க்கால் வெட்டி, சிமெண்டை நீக்கிய சுவரை ஒரு கோடை முழுதும் காயவிட்ட பிறகே கொத்தனாரைக் கூப்பிடவேண்டும்.