கழுத்துச் சுரப்பி சோர்ந்தால் மாதவிலக்கு ஏன் தள்ளிப்போகிறது?

கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்து ஊரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். திருமணமாகி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. மாதவிலக்கு ஐம்பது, அறுபது நாட்களுக்கு ஒருமுறைதான் வருகிறது, வந்தால் பத்து நாட்களானாலும் நிற்பதில்லை. கொடுமுடியில் நாகதோஷப் பரிகாரம் செய்து முடித்த பிறகே மருத்துவரிடம் அழைத்துப் போயிருக்கிறார்கள்; ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். 18 என்று வந்திருக்கிறது. “தைராய்டு கழுத்துல இருக்குது, கர்ப்பப்பை அடிவயித்துல இருக்குது. இதுக்கும் அதுக்கும் என்னங்க சம்பந்தம்?” என்பது அவருடைய கேள்வி.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். “எனக்குத் தைராய்டு 18 இருக்குது” என்று சொல்பவர்களில் பலர், தைராய்டு கூடிவிட்டது என்றே நினைத்துக்கொள்கிறார்கள்; உண்மை நேர்மாறானது. டி.எஸ்.எச். என்பது தைராய்டு சுரக்கும் ஹார்மோன் அல்ல. தைராய்டை வேலை வாங்குவதற்காக மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் கட்டளை. மொட்டை மாடித் தொட்டியில் தண்ணீர் இறங்கினால் மிதவை தாழ்ந்து மோட்டார் தானாக ஓடுவதையும், தொட்டி நிறைந்ததும் நிற்பதையும் நம் வீடுகளில் பார்க்கிறோம். அதுபோலத்தான், ரத்தத்தில் தைராய்டு சுரக்கும் ஹார்மோனான தைராக்சின் குறைந்தால் கட்டளை கூடுகிறது, நிறைந்தால் அடங்குகிறது. ஏறக்குறைய 0.4 முதல் 4 வரை இருக்க வேண்டிய அளவு 18 ஆகியிருக்கிறது என்றால், எவ்வளவு விரட்டியும் தொட்டி நிறையவில்லை என்று பொருள்.

சுரப்பி சோர்வதற்கு, அயோடின் சேர்த்த உப்பு புழங்கும் பகுதிகளில் பெரும்பாலும் காரணமாக இருப்பது, 1912இல் ஜப்பானிய மருத்துவர் ஹாஷிமோட்டோ விவரித்த நோய். உடலின் எதிர்ப்பாற்றலே சுரப்பியைத் தாக்குவது. ஆண்களைவிடப் பெண்களுக்கே இது பல மடங்கு அதிகமாக வருகிறது.

இனி, எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன். பிட்யூட்டரிக்கும் மேலே ஓர் எசமானர் உண்டு; அது மூளையின் ஒரு பகுதியான ஹைப்போதலாமஸ். தைராக்சின் குறைவதை உணர்ந்ததும் அது டி.ஆர்.எச். என்ற தூதைப் பிட்யூட்டரிக்கு அனுப்புகிறது. மூன்றே மூன்று அமினோ அமிலங்கள் கோத்த சின்னஞ்சிறு மூலக்கூறு அது. இதைப் பிரித்தெடுப்பதற்காக ரோஜர் கில்லெமினின் குழு லட்சக்கணக்கான ஆட்டு மூளைகளிலிருந்தும், ஆண்ட்ரூ ஷாலியின் குழு பன்றி மூளைகளிலிருந்தும் ஹைப்போதலாமஸ் துண்டுகளை ஆண்டுக்கணக்கில் சேகரித்து அரைத்துக் கரைத்தன. 1969இல் அதன் அமைப்பு தெரிந்தது, 1977இல் இருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். கைக்குக் கிடைத்த சரக்கு மில்லிகிராம் கணக்கில்தான். பல ஆண்டுகள் கையில் ஒன்றும் காட்ட முடியாத இப்படியொரு வேலைக்கு இன்று நிதி கேட்டுப் போனால், மூன்றாண்டில் பயன் என்ன என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பது என் ஆற்றாமை.

அந்தத் தூதைப் பற்றி அடுத்த சில ஆண்டுகளிலேயே இன்னொன்றும் தெரியவந்தது. டி.ஆர்.எச். போய்த் தட்டுவது டி.எஸ்.எச். சுரக்கும் செல்களின் கதவை மட்டுமன்று. பக்கத்திலேயே இருக்கும், பால் சுரப்புக்கான புரோலாக்டினைச் சுரக்கும் செல்களும் அதே குரலுக்கு எழுந்துவிடுகின்றன. சாதாரண நாட்களில் மூளையிலிருந்து வரும் டோப்பமைன் என்ற வேதிப்பொருள் அவற்றை அடக்கிவைத்திருப்பதால் தொல்லை இல்லை. தைராய்டு மாதக்கணக்கில் சோர்ந்துகிடந்து டி.ஆர்.எச். ஓயாமல் கூப்பிடும்போதோ, புரோலாக்டினும் சேர்ந்து ஏறுகிறது. கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கும் காலத்தில் மாதவிலக்கு தள்ளிப்போகும் என்பது நம் அம்முச்சிகள் எல்லோரும் அறிந்த சேதிதான். அப்போது உயர்ந்திருப்பதும் இதே புரோலாக்டின்தான். ஆக, பிள்ளையே பெறாத பெண்ணின் மூளைக்குப் பாலூட்டும் தாயின் சேதி போய்ச் சேருகிறது. சிலருக்கு மார்பிலிருந்து பாலே கசிவதுண்டு. அதைக் கண்டு மிரண்டு மந்திரிக்க அழைத்துப் போகும் குடும்பங்கள் முதலில் போக வேண்டிய இடம் ரத்தப் பரிசோதனைக் கூடம்.

புரோலாக்டின் ஏறினால் கருமுட்டைப்பையை இயக்கும் ஹார்மோன்களுக்காக ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரிக்கு ஒன்று, ஒன்றரை மணிக்கொருமுறை அனுப்பும் துடிப்பு மந்தமாகிறது. முட்டையை வெளியேற்றவைக்கும் எல்.எச். என்ற பிட்யூட்டரி ஹார்மோனின் எழுச்சி வராமல் போகிறது. முட்டை வெளிவராவிட்டால் புரோஜெஸ்டிரோன் இல்லை. அது இல்லாவிட்டால் கருப்பையின் உட்சுவர் கட்டுப்பாடில்லாமல் தடித்துக்கொண்டே போய், ஒருநாள் தாறுமாறாகச் சரிகிறது. தைராக்சின் குறையும்போது ரத்தம் உறைவதற்கான சில காரணிகளும் குறையக்கூடும். வாசகி சொன்ன நீண்ட இடைவெளியும் நிற்காத போக்கும் ஒன்றுக்கொன்று முரண் அல்ல என்பது இதிலிருந்து விளங்கும். எல்லோருக்கும் புரோலாக்டின் உயர்வதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கருமுட்டைப்பையின் செல்களுக்கே தைராய்டு ஹார்மோன் தேவைப்படுவதால், அந்த வழியிலும் முட்டை வளர்ச்சி தடைப்படலாம்.

கரு உண்டானால் இந்தக் கணக்கு இன்னும் கண்டிப்பாகிறது. முதல் மூன்று மாதங்களில் குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு வேண்டிய தைராக்சின் தாயிடமிருந்தே போக வேண்டும். அதனால் ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர்கள் கருவுற்றது தெரிந்த உடனேயே மருத்துவரைப் பார்க்க வேண்டும். பெரும்பாலோருக்கு அளவைக் கூட்ட வேண்டியிருக்கும். ‘குழந்தைக்கு ஆகாது’ என்று யாரோ சொன்னதைக் கேட்டு மாத்திரையை நிறுத்துவதுதான் ஆபத்து.

வாசகிக்கு மருத்துவர் தைராக்சின் மாத்திரை கொடுத்து, ஆறு வாரம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார். அந்த மருந்து ரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். தினமும் போடப்போட அளவு ஒரு நிலைக்கு வர ஐந்தாறு வாரமாகும். அதற்கு முன்னால் பார்க்கும் டி.எஸ்.எச். எதையும் தெளிவாகச் சொல்லாது. தைராய்டினால் ஏறிய புரோலாக்டின், தைராக்சின் சரியானால் பெரும்பாலும் தானே இறங்கிவிடும். விடியலில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு மாத்திரையை விழுங்கி, காபிக்கு அரைமணி முதல் ஒரு மணி நேரம் பொறுக்க வேண்டும். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். மாமியார் மறுபடியும் கொடுமுடிக்கு அழைத்தால் தாராளமாகப் போய் வாருங்கள். மாத்திரையை விழுங்கிவிட்டு முதல் பேருந்தைப் பிடித்தால், காவிரியில் குளித்து முடிப்பதற்குள் காபி குடிக்கும் நேரம் வந்துவிடும்.