எச்சரிக்கைக்கு எத்தனை வழி?

2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு, புரேவி சூறாவளி திரியாய்க்கும் குச்சவெளிக்கும் இடையில் கரையைக் கடந்தது. அது திருகோணமலைப் பக்கம் வருவதை வளிமண்டலவியல் திணைக்களம் முன்னமே சொல்லியிருந்தது. ஆனால் கொழும்பில் எழுதப்படும் எச்சரிக்கை, வாடியில் வலை பொத்திக்கொண்டிருப்பவரின் காதுக்கு எட்டினால்தான் உயிர் காக்கும்.

அந்தக் கடைசித் தூரத்தை ஓர் ஊர் எப்படிக் கடக்கிறது என்று பார்த்து அங்கீகாரம் தரும் திட்டங்கள் உண்டு. அமெரிக்க தேசிய வானிலைச் சேவையின் 'ஸ்டோர்ம்ரெடி' 1999இல் தொடங்கியது. யுனெஸ்கோவின் 'சுனாமி ரெடி' அங்கீகாரத்தை 2020இல் ஒடிசாவின் வெங்கட்ராய்ப்பூரும் நோலியாசாஹியும் பெற்றன. இந்து சமுத்திரப் பிராந்தியத்தில் முதலில் பெற்றவை இந்த இரு மீனவக் கிராமங்கள்தான். ஆபத்து வரைபடம், வெளியேறும் பாதை, ஒத்திகை என்று பலதும் பார்ப்பார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது ஒரு நிபந்தனை: எச்சரிக்கை 24 மணி நேரமும் ஊருக்கு வந்துசேரவும், ஊருக்குள் பரவவும் ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் இருக்கவேண்டும்.

ஏன் ஒரு வழி போதாது? கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு வழி 100 பேரில் 70 பேரைச் சென்றடைகிறது என்று வையுங்கள். 30 பேர் தவறிவிடுகிறார்கள். இதே அளவு வேலை செய்யும் மூன்று வழிகள் இருந்தால், மூன்றிலும் தவறுகிறவர்கள் 3 பேருக்கும் குறைவு. ஆனால் இந்தக் கணக்கு சரிவர, அந்த வழிகள் ஒன்றையொன்று நம்பியிருக்கக் கூடாது. தொலைக்காட்சி, வைஃபை, கைத்தொலைபேசி மூன்றும் மூன்று வழிகள்போலத் தெரியும். மின்சாரம் நின்றால் முதல் இரண்டும் அப்போதே போய்விடும். கோபுரத்து பற்றரி இறங்கியதும் மூன்றாவதும் போகும். அதாவது, புயலுக்கு முன்னால் அவை ஒரே வழிதான். பற்றரியில் ஓடும் பள்ளிவாசல் ஒலிபெருக்கி, கோவில் மணி, பற்றரி வானொலி, சைக்கிளில் வீடு வீடாகப் போகும் இளைஞன்: இவைதான் உண்மையில் வேறு வேறு வழிகள்.

சொல்லும் செய்தியும் இடத்துக்கு இடம் மாறவேண்டும். மகாவலி கடலில் விழும் மூதூர்ப் பக்கத்துத் தாழ்நிலத்தில் ஆற்று வெள்ளமும், காற்றுத் தள்ளிவரும் கடல்நீரும் ஒன்றாக வரலாம். கடல் உயர்ந்தால் ஆறு வடிய இடமிருக்காது. திருகோணமலை நகருக்கு வடக்கே கடலோரத்தில் இருக்கும் உப்புவெளிக்குப் பொருந்தும் வெளியேறும் பாதை அங்கே பொருந்தாது.

'சுனாமி ரெடி' அங்கீகாரம் 4 ஆண்டுகளுக்குத்தான் செல்லுபடியாகும். அதற்குள் தொலைபேசி இலக்கங்கள் மாறிவிடும். ஒலிபெருக்கி பிடித்த பிள்ளைகள் கட்டாருக்குப் போயிருப்பார்கள். தூக்கிச் செல்லவேண்டிய முதியவர்களின் பட்டியலில் புதுப் பெயர்கள் சேர்ந்திருக்கும்.