'பீஸ் நீஸ்': தேனீயின் முழங்காலுக்கு வந்த வாழ்வு

பழைய ஆங்கிலக் கதைகளில் ஒருவர் புதுத் தொப்பியைப் பார்த்து 'த பீஸ் நீஸ்' என்பார். தொப்பி பிரமாதம், அதை அடித்துக்கொள்ள இன்னொன்று இல்லை என்று அர்த்தம். சொல்லைப் பிரித்தால் கிடைப்பது 'தேனீயின் முழங்கால்கள்'.

18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இதற்குப் பொருளே வேறு. தேனீயின் முழங்கால் அளவு என்றால் துக்கடா, கண்ணுக்கே தெரியாத சமாசாரம். நாம் எள்ளளவு, கடுகளவு என்று சொல்வோமே, அது மாதிரி. 1920-களின் அமெரிக்காவில்தான் இது தலைகீழாகப் புரண்டு உச்சபட்சப் பாராட்டாக மாறியது.

அந்தப் பத்தாண்டைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். முதல் உலகப்போர் முடிந்துவிட்டது. 1920-இல் மதுவிலக்கு வந்தது. அதே ஆண்டு பெண்களுக்கு நாடு முழுவதும் வாக்குரிமையும் வந்தது. கூந்தலைக் கத்தரித்து, பாவாடையை முழங்கால்வரை உயர்த்தி, ஜாஸுக்கு ஆடிய 'ஃப்ளாப்பர்' பெண்கள் பெரியவர்களைத் திகைக்க வைத்தார்கள். பேச்சிலும் அதே குறும்புதான். ஏதாவது ஒரு பிராணியைப் பிடி, அதற்கு இல்லாத உறுப்பையோ உடையையோ மாட்டிவிடு, ஆயிற்று பாராட்டு: பூனையின் பைஜாமா, யானையின் புருவம், பாம்பின் இடுப்பு, விலாங்கின் கணுக்கால். எல்லாமே 'அபாரம்' என்றுதான் பொருள்படும். தேனீக்காவது காலில் மூட்டு என்று ஒன்று உண்டு. விலாங்கு கணுக்காலுக்கு எங்கே போகும்? இப்படிப்பட்ட பல தொடர்களைப் பரப்பிய பெருமையை, நியூயார்க் பத்திரிகையில் கேலிச்சித்திரம் வரைந்த டாட் டோர்கனுக்குக் கொடுப்பதுண்டு.

இதற்குக் காரணக் கதைகளும் ஏராளம். தேனீ காலில் மகரந்தத்தைச் சேர்ப்பதால் 'நல்ல சரக்கு இருக்கும் இடம்' என்றானதாம். மகரந்தக் கூடை இருப்பது பின்னங்காலில், முழங்காலுக்குக் கீழே. அதை விட்டாலும், துக்கடா என்ற பழைய பொருளுக்கு இந்தக் கதையில் இடமே இல்லை. சார்ல்ஸ்டன் நடனத்தில் புகழ்பெற்ற பீ ஜாக்ஸனின் பெயரிலிருந்து வந்தது என்பது இன்னொன்று. அவர் பிரபலமாகும் முன்பே தொடர் அச்சேறிவிட்டது. 'பிசினஸ்' என்பதன் கொச்சை என்பாரும் உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான்.

பூனையின் பைஜாமாவில் மட்டும் நமக்கும் பங்கு உண்டு. பாரசீகத்தில் 'பாய்' என்றால் கால், 'ஜாமா' என்றால் உடை. உருது வழியாக, இந்தியாவிலிருந்த ஆங்கிலேயர்களோடு கப்பலேறிப் போன சொல் அது. பிரிட்டனில் 'பூனையின் மீசை' அதிகம் ஒட்டிக்கொண்டது. பிற்பாடு அங்கே நாயின் உறுப்பு ஒன்றும் இந்த வரிசையில் சேர்ந்தது. நாலு பேர் இருக்கும் இடத்தில் அதைச் சொல்ல முடியாது.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'தேனீயின் முழங்கால்' என்று எழுதினால் படிப்பவர் விழிப்பார். பொருளை மட்டும் தர 'அருமை', 'அபாரம்' போதும். ஆனால் தாத்தா காலத்து வாசம் வேண்டுமென்றால் 'பேஷ்', 'ஜோர்', 'பலே' என்பவைதான் சரி. 'செம', 'வேற லெவல்' என்று போட்டால் 1925-ஆம் ஆண்டுப் பாத்திரம் நேற்றுக் கல்லூரியில் சேர்ந்த பையன் மாதிரிப் பேசும். பொருள் தலைகீழாவதிலும் நம்மிடம் ஒரு ஜோடி இருக்கிறது: 'பிரமாதம்'. சமஸ்கிருதத்தில் இது கவனக்குறைவு, பிழை. தெலுங்கில் இன்றும் ஆபத்து, விபத்து. நம்மிடம் வந்துதான் கச்சேரிக்கும் சாம்பாருக்கும் பாராட்டானது.

இன்னொரு பயன்பாடும் உண்டு, அதைத்தான் பலரும் தவறவிடுகிறார்கள். ஒருத்தி தன்னையே 'பீஸ் நீஸ்' என்று நினைத்துக்கொள்கிறாள் என்றால் அது பாராட்டு ஆகாது, குத்தல். அங்கே 'பேஷ்' உதவாது. 'பெரிய இவள்னு நினைப்பு' என்பதே கச்சிதம். ஆணாக இருந்தால் 'பெரிய கொம்பன்னு நினைப்பு'. கொம்பு இருப்பதால் பிராணி வாடையும் விட்டுப்போகாது.